சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்: முதலில் நகல், அப்புறம்தான் மீட்பு

போன மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணத்திலிருந்து மாமா போன் செய்தார். “மாப்ளே, மண்டி கம்ப்யூட்டர்ல டேலி திறக்கவே மாட்டேங்குது. பார்க்க வந்த பையன் ஃபார்மட் பண்ணிடலாம்னு சொல்றான்.”

“மாமா, முதல்ல ஆஃப் பண்ணுங்க. நான் வர்ற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்க” என்றேன். அந்த 1 டிபி டிஸ்க்கில் ஆறு வருஷ மண்டிக் கணக்கும், பாட்டி உயிரோடு இருந்தபோது எடுத்த வீடியோக்களும் இருந்தன. அவற்றை எடுத்த முறையை, லினக்ஸ் பக்கமே போகாதவர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். டக், டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தாலோ, டிஸ்க் கீழே விழுந்திருந்தாலோ இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. 5400 ஆர்பிஎம் டிஸ்க்கின் தட்டு நொடிக்கு 90 முறை சுற்றுகிறது. படிக்கும் ஹெட் அதன்மேல் படாமல், மயிரிழையைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. ஹெட் பழுதாகித் தட்டை உரசினால், ஒவ்வொரு நிமிடமும் டேட்டா அழியும். உடனே கரண்டை நிறுத்திவிட்டு, டிஸ்க்கைத் திறந்து வேலை செய்யும் சுத்த அறை உள்ள ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பெங்களூரு பக்கம்தானே. ஃபிரீசரில் வைப்பது, வீட்டில் திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம்.

சத்தம் இல்லை, ஆனால் ஃபோல்டர் திறக்க நிமிஷக்கணக்கில் ஆகிறது, ஃபைல் நகலெடுக்கும்போது பாதியில் நிற்கிறது என்றால் நீங்களே முயலலாம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையைக் காட்டும் மென்பொருளில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே ‘ரா’ (Raw) என்ற பத்தியில் உள்ள மதிப்பு ஏறிக்கொண்டே போனால் தட்டில் பழுதான இடங்கள் கூடுகின்றன என்று அர்த்தம். இந்த நிலையில் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டவே கூடாது. அது ஃபைல் அமைப்பைச் சரிசெய்கிறேன் என்று அந்த நோயாளி டிஸ்க்கிலேயே எழுதும். அப்படி எழுதியதைத் திரும்ப மாற்ற முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். 2 டிபி புது டிஸ்க் ஒன்று வாங்குங்கள். இமேஜ் ஃபைலும் (பழைய டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரே ஃபைலாக எடுத்த நகல்), அதிலிருந்து பிரித்தெடுக்கும் ஃபைல்களும் சேர்ந்து அதில் அடங்க வேண்டும். அதை என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் தாங்காது. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸை ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்குங்கள். நம் ஊர் வோல்டேஜை நம்பி இதைச் செய்யாதீர்கள், யுபிஎஸ் கட்டாயம்.

இப்போது எல்எஸ்பிஎல்கே (lsblk) கமாண்ட் கொடுத்தால் டிஸ்க்குகளின் பட்டியல் வரும். அளவைப் பார்த்து எது பழசு, எது புதுசு என்று பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். புது டிஸ்க்கின் பகுதியை மட்டும் மவுண்ட் செய்து, அதாவது ஒரு ஃபோல்டராகத் திறக்கும்படி இணைத்து, அந்த ஃபோல்டருக்குள் போங்கள். இதை மறந்தால் இமேஜ் ரேமில் எழுதப்பட்டு, சீக்கிரமே இடமில்லை என்று நின்றுவிடும். பழைய டிஸ்க்கை மவுண்ட் செய்ய வேண்டாம்.

இனி டிடிரெஸ்க்யூ (ddrescue), பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் கமாண்ட். கமாண்டில் மூன்று பெயர்கள் இதே வரிசையில் வரும்: பழைய டிஸ்க், இமேஜ் ஃபைல், எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல். முதல் சுற்றில் ‘மைனஸ் என்’ (-n) சேருங்கள். தொரட்டி எடுக்கும் முன் கைக்கு எட்டும் காயைப் பறிப்போமே, அதுபோல இந்தச் சுற்று எளிதாகப் படிக்க வரும் இடங்களை முதலில் எடுத்து வைத்துவிடும், மோசமான இடங்களைச் சுரண்டாது. ஃபோர்ஸ் போடச் சொல்லிக் கேட்டால் நிறுத்துங்கள். ஃபைலுக்குப் பதிலாக ஒரு டிஸ்க்கின் பெயரை இரண்டாவதாகக் கொடுத்துவிட்டீர்கள். தொடர்ந்தால் அந்த டிஸ்க் அழிந்துவிடும்.

எவ்வளவு நேரம் ஆகும்? நொடிக்கு 100 எம்பி வந்தால் 1 டிபிக்கு மூன்று மணி நேரத்துக்குள். 5 எம்பிதான் வருகிறது என்றால் 55 மணி நேரம். மாமாவின் டிஸ்க் இரண்டு நாள் ஓடியது. பக்கத்திலேயே டேபிள் ஃபேன் வைத்திருந்தோம். டிஸ்க் கொதித்தால் கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தி, ஆறவிட்டு, அதே கமாண்டை மறுபடி கொடுங்கள். மேப் ஃபைல் இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தக் குட்டி ஃபைலை அழித்துவிடாதீர்கள்.

முதல் சுற்று முடிந்ததும் ‘மைனஸ் என்’ எடுத்துவிட்டு, ‘மைனஸ் டி, மைனஸ் ஆர்3’ (-d -r3) சேர்த்து ஓட்டுங்கள். விடுபட்ட இடங்களை மூன்று முறை முயன்று பார்க்கும். அப்புறம் பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். இனி எல்லாமே இமேஜில்தான்.

டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளில் இமேஜைத் திறந்து, அட்வான்ஸ்டு, லிஸ்ட் என்று போனால் ஃபோல்டர்கள் தெரியும். வேண்டியதைப் புது டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ரைட் (Write, எழுது) என்று வருவதைத் தொடாதீர்கள். ஃபோல்டரே தெரியவில்லை என்றால் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளை இமேஜில் ஓட்டுங்கள். படம், வீடியோ கிடைக்கும், ஆனால் பெயர்களும் ஃபோல்டர்களும் போய்விடும்.

நகல் வந்துவிட்டதென்று நிம்மதியாகிவிடாமல் முக்கியமான ஃபைல்களைத் திறந்து பாருங்கள். மாமாவின் டேலி கணக்கு முழுதாகத் திறந்தது. வீடியோக்களில் இரண்டு பாதியோடு நின்றன. பாட்டி தாலாட்டுப் பாடியது கடைசி வரை ஓடியது. அதன் ஒரு நகலை மண்டியில் வைக்காமல், பாலக்கோட்டில் சித்தி வீட்டு பீரோவில் வைத்திருக்கிறோம்.