விண்ணப்பம் வாங்கும் முன்பே விலகிவிடாதீர்கள்: அரசுத் தொழிற்பயிற்சியும் பெண்கள் செய்யும் தவறுகளும்

"எனக்கு வயசாகிப்போச்சு, இனிமே யார் சேர்த்துக்குவாங்க?" அரசுத் தொழிற்பயிற்சி என்று பேச்செடுத்தாலே முப்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் (தொழிற்பயிற்சி நிலையங்களில்) வயது வரம்பு 40 என்பது ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. கிராமப்புற இளைஞர்களுக்காக 2014-இல் வந்த தீன்தயாள் உபாத்யாயா தொழிற்பயிற்சித் திட்டத்திலும் பொது வரம்பு 35 என்றால் பெண்களுக்கு 45. படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டதா? ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் பிரிவுகள் இருக்கின்றன.

சேர வருகிறவர்களை நிஜமாகவே அலையவைப்பது இனிஷியல்தான். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அப்பா இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் இனிஷியல், வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லாத பெயர். கடைசித் தேதிக்கு முந்தின நாள் இ-சேவை மையத்தில் நிற்கும்போதுதான் மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். ஆதாரில் கணவர் பெயர் முகவரிப் பகுதியில் இருந்தால் தொல்லையில்லை. உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தால்தான் வம்பு. சான்றிதழைத் திருத்துவதைவிட ஆதாரைத் திருத்துவது சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால், எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துக் கொடுங்கள். ஐ.டி.ஐ.யில் தரும் மாதம் 750 ரூபாயும், அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பெயர் பொருந்தாவிட்டால் அங்கேயும் இழுபறிதான்.

அடுத்தது, எந்தப் பயிற்சி எதற்கு என்று பார்க்காமல் பக்கத்தில் இருப்பதில் போய்ச் சேர்வது. வங்கிகள் நடத்தும் ஆர்செட்டி என்கிற சுயதொழில் பயிற்சி மையங்களில் சாப்பாடு, தங்குமிடத்தோடு சில வாரப் பயிற்சி இலவசம். ஆனால் அது சொந்தத் தொழில் தொடங்குகிறவர்களுக்கானது. முடித்த கையோடு கடனுக்கு வழிகாட்டுவார்கள். மாதச் சம்பளம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சம்பள வேலைதான் வேண்டுமென்றால் தீன்தயாள் திட்டம், ஐ.டி.ஐ. பக்கம் போங்கள்.

பெண்கள் வழக்கமாகத் தேடிப்போகும் தையலையும் அழகுக்கலையையும் நான் குறை சொல்லவில்லை. ஏற்கெனவே நாலு பேர் தைக்கும் தெருவில் ஐந்தாவது ஆளாக உட்காருவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்கிறேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டி உதவித்தொகையோடு அப்ரண்டிஸாக, அதாவது வேலை பழகுபவராகச் சேரலாம். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மெஷின் வேலை" என்கிற பேச்சு பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான் வரும்.

இந்தப் பயிற்சிகளில் "சீட் வாங்கித் தர்றேன்" என்று பணம் கேட்பவரிடம் நின்று பேசவே வேண்டாம்.

சேர்வதற்கு முன் ஒருநாள் மையத்துக்கு நேரில் போய் வாருங்கள். வகுப்பு எத்தனை மணிக்கு விடுகிறது, கடைசி பஸ் எப்போது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தங்கிப் படிக்கும் பயிற்சி என்றால் இடையில் வீட்டுக்கு வந்துபோக விடுவார்களா என்றெல்லாம் கேளுங்கள். பிள்ளையை யாரிடம் விடுவது என்பதை மாமியாரிடமோ அம்மாவிடமோ விண்ணப்பம் போடும்போதே பேசி முடித்துவிடுங்கள். வகுப்பு தொடங்கி இரண்டாம் வாரம் பேசினால், பாதியில் நிற்கப்போவது நீங்கள்தான்.