செகண்ட் ஹேண்ட் லேப்டாப்: பூட்டோடு மலை ஏறாதீர்கள்

என் அண்ணன் மகன் சேலத்தில் ஒரு பழைய லேப்டாப் வாங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தான். எஸ்டேட்டில் காபிப் பழம் பறிப்பவர்களின் கூலிக் கணக்கு எழுதத்தான். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி போன்: "சித்தப்பா, நீல ஸ்கிரீன்ல ஏதோ 48 நம்பர் கேக்குது. நான் ஒண்ணுமே பண்ணல."

அது பாதிதான் உண்மை. பென் டிரைவிலிருந்து வேறு எதையோ ஏற்ற, பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்புக்குள் போய், தெரியாத மென்பொருள் ஏறாமல் தடுக்கும் செக்யூர் பூட் என்பதை அணைத்திருக்கிறான். டிஸ்க்கில் இருந்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் விண்டோஸ் பூட்டு. சாவியைக் காக்க லேப்டாப்புக்குள் இருக்கும் டிபிஎம் என்ற சிப், எல்லாம் பழையபடி இருக்கும்வரை சத்தமில்லாமல் பூட்டைத் திறந்துவிடும். அதனால் அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. பயாஸில் கை வைத்தால் சந்தேகப்பட்டு, 48 இலக்கச் சாவியைக் கேட்கும்.

அந்தச் சாவி முதல் சொந்தக்காரரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடந்தது. கடைக்காரர் பழைய விண்டோஸை அப்படியே வைத்து, என் அண்ணன் மகன் பெயரில் ஒரு யூசரை மட்டும் சேர்த்துக் கொடுத்திருந்தார். வாசலில் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு, சாவிக்கொத்தைப் பழைய ஆளிடமே விட்ட கதை.

முதல் தவறு இதுதான்: யாரோ பயன்படுத்திய விண்டோஸில் வேலையைத் தொடங்குவது. வாங்கிய அன்றே டிஸ்க்கில் உள்ள எல்லாப் பார்ட்டிஷனையும் (பிரிவையும்) அழித்து, புதிதாக விண்டோஸ் போடுங்கள். விண்டோஸ் 11 பல கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே இந்தப் பூட்டைத் தானாகப் போட்டுவிடும். ஆனால் சாவி இப்போது உங்கள் கணக்கில் இருக்கும். அதை ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

"உடைச்சுத் தர்றேன்" என்பவரிடம் கொடுப்பது அடுத்த தவறு. பயாஸில் மாற்றியதைப் பழையபடி வைத்தும் திறக்காவிட்டால், சாவி இல்லாமல் அதை உடைப்பது சாதாரணக் கடையில் நடக்கிற காரியமில்லை. அவர் பேசாமல் ஃபார்மட் அடித்துத் தருவார், அவ்வளவுதான். ஃபைல்கள் வேண்டுமென்றால் எந்தச் சாவி என்று காட்ட திரையில் தெரியும் கீ ஐடியைப் படம் எடுத்து, விற்றவருக்கு அனுப்புங்கள். பழைய சொந்தக்காரர் கிடைத்தால் தன் கணக்கில் பார்த்துச் சொல்லலாம். எங்களுக்குக் கிடைக்கவில்லை. டிஸ்க்கை அழித்து மறுபடி பயன்படுத்தினோம். கூலிக் கணக்கு மட்டும் போனது. மேஸ்திரியின் சட்டைப்பையில் இருந்த காபிக்கறை படிந்த நோட்டுதான் மானத்தைக் காப்பாற்றியது.

இன்னொரு ரகம் இதைவிடப் பிடிவாதமானது. விண்டோஸ் வருமுன்னரே ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு கேட்கும். இந்தப் பூட்டு டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. வேறு கணினியில் மாட்டினாலும் திறக்காது, ஃபார்மட்டும் ஆகாது. போர்டில் உள்ள 2032 செல்லைக் கழற்றிப் பார்ப்பவர்கள் நம்மூரில் அதிகம். அதனால் கடிகாரம் பின்னோக்கிப் போகும், பூட்டு அசையாது. ஐந்து முறை தவறாக அடித்தால், மின்சாரத்தை நிறுத்திப் போடும்வரை அடுத்த முயற்சியையே ஏற்காது. எஸ்எஸ்டி என்ற புது ரக டிஸ்க்குகள் சிலவற்றின் லேபிளில் பிஎஸ்ஐடி என்று 32 எழுத்து அச்சாகியிருக்கும். பூட்டு அதற்கு அடங்கும் வகை என்றால், தயாரிப்பாளரின் மென்பொருளில் அதைக் கொடுத்து டிஸ்க்கைப் புதிது போல ஆக்கலாம். உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் புது டிஸ்க் வாங்குவதே மேல்.

கடையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். ஷிஃப்ட் பட்டனை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்து, முழுதாக அணைத்து, நீங்களே ஆன் செய்யுங்கள். பயாஸுக்குள் போக விடுகிறதா பாருங்கள். திஸ் பிசியில் சி டிரைவ் மேல் பூட்டுப் படம் இருந்தால், "அண்ணே, இதைச் சுத்தமா அழிச்சுப் புது விண்டோஸ் போட்டுக் குடுங்க" என்று சொல்லி அங்கேயே உட்காருங்கள். பில்லும் இல்லை, யாரிடம் வாங்கியது என்ற பதிலும் இல்லை, டிஸ்க்கும் பூட்டியிருக்கிறது என்றால் திருட்டுப் பொருளாக இருக்கலாம். விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இப்போது புது விண்டோஸின் 48 இலக்கச் சாவியும் மேஸ்திரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் போனபோது பார்த்தேன்: நோட்டு லேப்டாப் பைக்குள்ளேயே இருந்தது. எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.