சுவரிலும் இருந்தது உண்ணி

எங்கள் நாட்டு நாய் கறுப்பனின் காதுமடலைப் புரட்டினால் ஆமணக்கு விதைபோல உப்பிய உண்ணிகள். (ஆமணக்கின் தாவரவியல் பெயரான ரிசினஸ் என்பதற்கு லத்தீனில் உண்ணி என்றே பொருள், வைத்தவர் நாய் வளர்த்திருக்க வேண்டும்.) வேப்பெண்ணெய் தடவினேன், மஞ்சள் பூசினேன். நாய் மணத்தது, உண்ணி அசையவில்லை.

கால்நடை மருத்துவர் எடை பார்த்து, மாதம் ஒன்றாக மாத்திரை தந்தார். கடித்த உண்ணி செத்து உதிர்ந்தது. ஆனாலும் புதிதாக ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு மாலை டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: திண்ணைச் சுவரின் வெடிப்பில் மணல் சிந்தியதுபோலக் குஞ்சுகள். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, இப்படி இடுக்குகளில்தான் ஆயிரக்கணக்கில் முட்டையிடுமாம்.

வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடைத்தேன். அவன் படுத்த சாக்கை எரித்தேன். விரிப்புகளை வாரந்தோறும் கொதிநீரில் போட்டேன். மூன்று மாதம் பிடித்தது. மிஞ்சியவற்றை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன், நகத்தால் நசுக்கவில்லை.

பூனைக்கு மட்டும் தனி மருந்து. நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனைக்கு நஞ்சு.