மலிவு பி450 மதர்போர்டில் ஓவர்கிளாக் (ப்ராசஸரை இயல்பை விட வேகமாக ஓட்டுவது) நிலைக்கவில்லையா?

ரைசன் 5 2600 ப்ராசஸரை 3.9 கிகாஹெர்ட்ஸில் வைத்ததும் கணினி தொங்குகிறது என்றால், உடனே வோல்டேஜைக் கூட்டாதீர்கள். முதலில் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி-யை, அதாவது ரேமை வேகமாக ஓட்டும் அமைப்பை, அணைத்துவிட்டுச் சோதியுங்கள். ப்ராசஸர் மீது விழும் பழி பல நேரம் ரேமுக்கு உரியது.

அடுத்து, கணினி எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். ப்ராசஸருக்கு முழுச் சுமை தரும் பிரைம்95 சோதனை தொடங்கிய சில நொடிகளிலேயே விழுந்தால் வோல்டேஜ் போதவில்லை. பயாஸில் 1.30 வோல்ட் கொடுத்தாலும் சுமை ஏறும்போது அது இறங்கும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் எஸ்விஐ2 டிஎஃப்என் என்ற வோல்டேஜ் அளவீட்டைப் பார்த்தால் தெரியும். அந்த இறக்கத்தை ஈடுசெய்யும் லோட்லைன் கேலிப்ரேஷனை நடு நிலைக்கு உயர்த்துங்கள். உச்ச நிலை வேண்டாம், சுமை விலகும் கணத்தில் வோல்டேஜ் எகிறிவிடும்.

பத்து, பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு வேகம் திடீரெனச் சரிந்தால் சந்தேகம் விஆர்எம் (ப்ராசஸருக்கான மின்சாரத்தைச் சீராக்கித் தரும் போர்டுப் பகுதி) மீதுதான். ப்ராசஸர் 70 டிகிரியில் இருக்கும்போதே ஹீட்சிங்க் இல்லாத அதன் மாஸ்ஃபெட் சிப்கள் 100-ஐத் தாண்டியிருக்கலாம். டவர் கூலருக்கு மாறியவர்களுக்கு இது அதிகம் நேரும்: பெட்டியோடு வரும் கூலர் கீழ்நோக்கி ஊதுவதால் விஆர்எம்முக்கும் காற்று கிடைத்தது, பக்கவாட்டில் ஊதும் டவர் கூலரில் அது நின்றுவிடுகிறது. ஒரு 80 அல்லது 120 மிமீ விசிறியை விஆர்எம் நோக்கித் திருப்பிப் பொருத்துங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் 3.8-க்கு இறங்கி, வோல்டேஜை 0.025 வோல்ட் படிகளில் குறையுங்கள். அந்த 100 மெகாஹெர்ட்ஸ் இழப்பு விளையாட்டில் கண்ணுக்கே தெரியாது. திரையே வராவிட்டால் மின் இணைப்பைத் துண்டித்து, பயாஸ் அமைப்புகளை அழிக்கும் சிமாஸ் ஜம்பரைச் சில நொடி இணையுங்கள்.