ஆடுபுலி ஆட்டத்தைக் கணினிக்குக் கொண்டுவருவது எப்படி: படத்தை அல்ல, பத்துக் கோடுகளை எழுதுங்கள்

ஆடுபுலி ஆட்டத்தில் புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடுகள் புலிகளை நகரவிடாமல் அடைக்கும். இதற்கு நிரல் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் பலகையைத் திரையில் வரைந்துவிடுகிறார்கள். பிறகு எந்தப் புள்ளியிலிருந்து எதற்கு நகரலாம் என்பதைத் தூரத்தையும் கோணத்தையும் அளந்து கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். சதுரங்கத்துக்கு அது சரிப்படும். எட்டுக்கு எட்டு, எல்லாக் கட்டமும் ஒரே அளவு. ஆடுபுலிப் பலகையிலோ உச்சியில் கோடுகள் நெருங்கிக் கிடக்கின்றன, அடியில் விரிகின்றன. அளவெடுத்து விதி எழுதினால் எங்காவது ஒரு மூலையில் புலி தாவக் கூடாத இடத்துக்குத் தாவும்.

ஆகவே படத்தை ஓரமாக வைத்துவிட்டு 23 புள்ளிகளுக்கும் எண் கொடுங்கள். உச்சி 0. அதற்குக் கீழே ஆறு ஆறாக மூன்று வரிசைகள்: 1 முதல் 6, 7 முதல் 12, 13 முதல் 18. அடிவரிசையில் நான்கு மட்டும்: 19 முதல் 22. மொத்தப் பலகையும் இந்தப் பத்துக் கோடுகள்தான்:

1-2-3-4-5-6
7-8-9-10-11-12
13-14-15-16-17-18
19-20-21-22
0-2-8-14-19
0-3-9-15-20
0-4-10-16-21
0-5-11-17-22
1-7-13
6-12-18

நிரலில் கையால் எழுத வேண்டிய தரவு இவ்வளவே. ஒரு கோட்டில் அடுத்தடுத்து வரும் இரண்டு எண்கள் ஒரு நகர்வு. அடுத்தடுத்து வரும் மூன்று எண்கள், அதாவது ஒரு மும்மை, ஒரு வெட்டு: ஒரு முனையில் நிற்கும் புலி நடுவிலுள்ள ஆட்டைத் தாண்டி, காலியாக இருக்கும் மறுமுனையில் இறங்கும். நகர்வு அட்டவணையையும் வெட்டு அட்டவணையையும் ஒரு சின்னச் சுழற்சி (loop) உருவாக்கிவிடும். உருவான பின் எண்ணிப் பாருங்கள்: 38 இணைப்புகள், 28 மும்மைகள். இரு திசையையும் கணக்கில் எடுத்தால் 56 வெட்டுகள். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ கோடுகளில் எழுத்துப்பிழை இருக்கிறது, மேலே போகாதீர்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. 0, 1, 6, 13, 18, 19, 22 ஆகிய ஏழு புள்ளிகள் எந்த மும்மையிலும் நடுவில் வராது. அங்கே நிற்கும் ஆட்டை யாராலும் வெட்ட முடியாது. 2இல் நிற்கும் புலி உச்சியிலுள்ள ஆட்டைத் தாண்டி 5இல் போய் இறங்கினால், நிரல் இணைப்புகளை மட்டும் பார்க்கிறது, கோட்டைப் பார்க்கவில்லை என்று பொருள். இந்த ஆட்டத்தின் நிரல்களில் அடிக்கடி எதிர்ப்படும் பிழை இது.

அடுத்து விதிகள். சென்னையில் இதைக் கட்டாயம் பேசித் தீர்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே பலருக்கு இந்த ஆட்டம் சொந்த ஊரிலிருந்து வந்தது. அடுத்தடுத்த இரண்டு வீட்டில் இரண்டு விதி இருக்கும். 3 புலி, 15 ஆடு என்பதை அடிப்படையாக வையுங்கள். எல்லா ஆடுகளையும் இறக்கி முடிக்கும் வரை இறக்கிய ஆடு நகராது. ஒரு முறைக்கு ஒரு வெட்டு. மற்றதை ஆடுபவர் மாற்றக்கூடிய அமைப்புகளில் (settings) விடுங்கள்: புலிகள் 0, 3, 4இல் தொடங்குமா, மாறி மாறி இறக்கப்படுமா, வெட்டு கட்டாயமா, எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி. இவற்றை நிரலுக்குள் ஆங்காங்கே எண்ணாக எழுதிவைத்தால், தாத்தா ஒருவர் "எங்க ஊர்ல இப்படி இல்லையே" என்றதும் பத்து இடத்தில் திருத்த வேண்டிவரும்.

நிலையைச் சேமிக்க இரண்டு முழு எண்கள் போதும்: புலிக்கு 23 பிட், ஆட்டுக்கு 23 பிட். அதோடு இறக்கிய ஆடுகளின் எண்ணிக்கை, யார் முறை என்பது. எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கோத்தால் 51 பிட் வரும். ஜாவாஸ்கிரிப்டில் எழுதுபவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: அந்த மொழியின் பிட் நகர்த்தல் 32 பிட்டோடு வெட்டிவிடும், பிழைச்செய்தியும் தராது. பெருக்கிக் கூட்டுங்கள், 53 பிட் வரை எண் பிசகாது.

புலிகள் 0, 3, 4இல் நிற்க, ஆடு ஒன்று இறங்கி, புலி ஒரு முறை ஆடினால் எத்தனை வழிகள்? 20 இடம், ஒவ்வொன்றுக்கும் 6 நகர்வு, சரியாக 120. அவற்றில் 6 மட்டும் வெட்டு: 2, 5இல் இறங்கிய ஆட்டுக்கு இரண்டிரண்டு, 9, 10இல் இறங்கியதற்கு ஒவ்வொன்று. உங்கள் நிரலும் இதையே சொல்கிறதா பாருங்கள்.

ஆட்டின் வெற்றியைச் சோதிக்கும்போது, பக்கத்துப் புள்ளிகள் நிறைந்துவிட்டனவா என்று மட்டும் பார்க்காதீர்கள். தாவ இடம் இருந்தால் புலி இன்னும் அடைபடவில்லை. சோதனையைப் புலியின் முறையில் நடத்துங்கள். ஆடுகள் பாதி இறங்கியிருக்கும்போதே மூன்று புலியும் அடைபடலாம், அதையும் விட்டுவிடக் கூடாது. ஒரே நிலை மூன்று முறை வந்தால் சமன் என்று அறிவியுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கணினிகள் மோதும்போது விடியவிடியக் காயை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்கும்.

கணினியின் மூளைக்கு ஆல்ஃபா-பீட்டா தேடல் தாராளம்: இரு தரப்பின் நகர்வுகளையும் முன்கூட்டிப் பார்த்து, பயனற்ற கிளைகளை விட்டுவிடும் முறை அது. ஒரு நிலை புலிக்கு எவ்வளவு சாதகம் என்று சொல்லும் மதிப்பெண்ணில், வெட்டிய ஆட்டுக்கு 100 என்று தொடங்குங்கள். அதை மட்டும் வைத்தால் வெட்டு கண்ணுக்குத் தெரியாதபோது புலி சும்மா உலாவி, தானாகவே மூலையில் போய் மாட்டிக்கொள்ளும். அடைபட்ட ஒவ்வொரு புலிக்கும் 40 கழித்து, புலியால் போகக்கூடிய ஒவ்வொரு நகர்வுக்கும் 2 கூட்டினால் நடத்தை மாறும். இந்த எண்கள் தொடக்கம்தான், ஆடவிட்டுத் திருத்துங்கள். வெற்றி மதிப்பெண்ணிலிருந்து எத்தனை நகர்வில் வெற்றி என்பதையும் கழியுங்கள். கழிக்காவிட்டால், இப்போதே அடைக்கக்கூடிய புலியை ஆட்டுத் தரப்பு அடைக்காமல் இழுத்தடிக்கும். இரண்டும் வெற்றிதானே என்று அதற்குத் தோன்றுகிறது.

தேடலின் ஆழம், அதாவது எத்தனை நகர்வு முன்னே பார்ப்பது என்பது, 2, 4, 6 என்று மூன்று கடின நிலை கொடுக்கலாம். எளிய நிலைக்கு ஆழத்தைக் குறைப்பதைவிட, சிறந்த நகர்வுக்கு நெருங்கிய மதிப்புள்ள இரண்டு மூன்றில் ஒன்றைக் குலுக்கி எடுப்பது நல்லது, முட்டாள்தனமாகத் தெரியாது. தேடலைத் திரையின் ஓட்டத்திலேயே நடத்தாமல் பின்னணியில் ஒரு வெப் வொர்க்கருக்கு (உலாவியில் தனியாக ஓடும் நிரல்) கொடுங்கள், இல்லாவிட்டால் விலை குறைந்த கைப்பேசியில் தொடுதலே வேலை செய்யாது. 15 ஆடும் உயிரோடு இருக்கும் நிலைகள் மட்டும் 2,74,57,584. ஆராய்ந்த நிலைகளைச் சேமித்துவைப்பதானால், இடமும் வலமும் கண்ணாடிபோல் மாறியிருக்கும் இரண்டு நிலைகளை ஒன்றாகக் கொண்டால் நினைவகத் தேவை ஏறக்குறைய பாதியாகும்.

இனிதான் படம். 360 பிக்சல் அகலத் திரையில் உச்சியை (180, 20) இல் வையுங்கள். அடிவரிசை உயரம் 480, புள்ளிகள் 30, 130, 230, 330. நான்கு சாய்கோடுகளின் இடைவெளி உச்சிக்குக் கீழே வர வர விரிவதால், முதல் வரிசையை 225க்கு மேலே ஏற்றினால் புள்ளிகள் 44 பிக்சலுக்குள் நெருங்கிவிடும், விரல் தப்பான காயைத் தொடும். மற்ற இரண்டு வரிசைகள் 305, 385. ஓரப் புள்ளிகள் 15, 345. பலகையின் அழகு கொஞ்சம் கெடும். விதிகள் கோடுகளில் இருப்பதால் படத்தை எப்படி வளைத்தாலும் ஆட்டம் பிசகாது. தொட்ட இடத்துக்கு மிக அருகிலுள்ள புள்ளியைத் தேர்ந்தெடுங்கள், வட்டத்துக்குள் விழுந்ததா என்று கேட்காதீர்கள்.

புலியையும் ஆட்டையும் நிறத்தால் மட்டும் பிரிக்க வேண்டாம். மெரினாவில் நண்பகல் வெயிலில் சிவப்பும் பழுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். புளியங்கொட்டை, கூழாங்கல் வடிவமே போதுமான வித்தியாசம். ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் நிலையை உலாவியின் உள்ளூர்ச் சேமிப்பில் எழுதிவிடுங்கள். மின்சார ரயிலில் அழைப்பு வந்து உலாவி மூடினாலும், தாம்பரத்தில் இறங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்தே ஆடலாம்.