டவுன்லோட் பக்கத்துல புது வெர்ஷன் டக்குனு கண்ணுல படணுமா?

நாங்க எழுதின பில்லிங் சாஃப்ட்வேரை அப்பாச்சிங்கற வெப் சர்வர்ல ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சிருக்கோம், வேணுங்கறவங்க எடுத்துக்கலாம். போன மாசம் ஒரு கடைக்காரர் போன் பண்ணி, "தம்பி, சரி பண்ணியாச்சுன்னீங்க, ரவுண்ட் ஆஃப் இன்னும் தப்பாத்தானே வருது"ன்னார். பார்த்தா அவர் போட்டிருந்தது 1.9, நாங்க விட்டது 1.12. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. லிஸ்ட்ல 1.1, 1.10, 1.11, 1.12, 1.2ன்னு போயி கடைசியில 1.9 நிக்குது, கடைசியில இருக்கறதுதான் புதுசுன்னு யாரா இருந்தாலும் எடுப்பாங்க. சர்வர் பேரை எழுத்து எழுத்தாத்தான் ஒப்பிடும், 12ங்கறது ஒரே எண்ணுன்னு நாமதான் சொல்லணும்.

அதுக்கு அந்த ஃபோல்டர்ல இருக்கற எச்டிஅக்சஸ் ஃபைல்ல (அந்த ஃபோல்டருக்கான செட்டிங்ஸ் ஃபைல்) இன்டெக்ஸ்ஆப்ஷன்ஸ்னு ஒரு வரி, அதுல ஃபேன்சிஇன்டெக்ஸிங் (லிஸ்ட்டை விவரமா காட்டறது), வெர்ஷன்சார்ட் (வெர்ஷன் நம்பரை எண்ணா எடுத்து வரிசைப்படுத்தறது) ரெண்டும் போடுங்க. கூடவே பேருக்கான அகலம் சொல்ற நேம்வித்துக்கு ஸ்டார் குடுங்க, இல்லன்னா நீளமான பேரை 23 எழுத்தோட வெட்டிடும், வெர்ஷன் நம்பரே தெரியாம போயிடும். ஒண்ணு ஞாபகம் வைங்க, ஆப்ஷன் பேருக்கு முன்னாடி ப்ளஸ் போட்டா எல்லாத்துக்கும் போடுங்க, இல்லன்னா எதுக்குமே போடாதீங்க, ப்ளஸ் இல்லாத ஒண்ணு பின்னாடி வந்தா முன்னாடி சொன்னதெல்லாம் அழிஞ்சிடும். அடுத்த வரியில இன்டெக்ஸ்ஆர்டர்டீஃபால்ட் டிசெண்டிங் நேம். இப்ப புதுசு மேல வந்துடும்.

அடுத்தது லேட்டஸ்ட்னு ஒரு சிம்லிங்க், அதாவது வேற ஃபோல்டரைக் காட்டற ஒரு ஷார்ட்கட். எனக்கு அரை நாள் போனது இதுலதான். வெர்ஷனுக்கு ஒரு ஃபோல்டர் வச்சு, எல்என் கமாண்ட்ல 1.12ஐக் காட்டற மாதிரி லேட்டஸ்ட் போட்டேன், நல்லா வந்துச்சு. 1.13 விட்டப்போ அதே கமாண்டை ஹைபன் எஸ்எஃப் போட்டு அடிச்சேன், எரர் எதுவும் இல்ல, ஆனா லேட்டஸ்ட் இன்னும் 1.12லயே இருக்கு. தேடிப் பார்த்தா, ஏற்கனவே இருந்த லிங்க்கை ஃபோல்டர்னு எடுத்துக்கிட்டு அதுக்குள்ள போயி 1.12 உள்ள 1.13ன்னு தன்னையே காட்டற ஒரு லிங்க்கைப் போட்டு வச்சிருக்கு. ஹைபன் எஸ்எஃப்என்னு ஒரு என் சேர்த்தா சரியாகுது. ஒவ்வொரு தடவையும் ரீட்லிங்க் கமாண்ட் அடிச்சு லேட்டஸ்ட் எங்க போகுதுன்னு பாத்துடுங்க.

லேட்டஸ்ட் ஃபோல்டருக்குள்ள இருந்தாலும் ஃபைல் பேர்ல வெர்ஷன் நம்பர் இருக்கணும்னு நான் கண்டிப்பா சொல்லுவேன், போன்ல பேசறவர் கிட்ட "ஃபைல் பேரைப் படிங்கண்ணே"ன்னு கேட்டாலே விஷயம் தெரிஞ்சிடும். பீட்டா, அதாவது சோதனை வெர்ஷன் எல்லாம் தனி ஃபோல்டர்ல போடுங்க, கடைக்காரங்க கண்ணுலயே படக்கூடாது.

அப்டேட்: எச்டிஅக்சஸ்ல போட்டும் ஒண்ணும் மாறலன்னு சிலர் கேட்டிருந்தீங்க. அப்பாச்சி 2.4 டீஃபால்ட்டா அந்த ஃபைலைப் படிக்காது, மெயின் கான்ஃபிக்ல அந்த ஃபோல்டருக்கு அலவ்ஓவர்ரைட் இன்டெக்சஸ் குடுத்துட்டு ரீலோட் பண்ணுங்க.

இன்னொண்ணு, அப்பாச்சிக்குப் பதிலா என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர் வச்சிருக்கவங்களுக்கு: ஃபோல்டர் லிஸ்ட் காட்டற அதோட ஆட்டோஇன்டெக்ஸ்ல வெர்ஷன்சார்ட் மாதிரி எதுவும் கிடையாது. ரிலீஸ் பண்ற ஸ்கிரிப்ட்லயே ஃபோல்டர் பேரையெல்லாம் சார்ட் கமாண்டுக்குக் குடுத்து, பெரிய வி ஆப்ஷனும் (வெர்ஷன் வரிசை) சின்ன ஆரும் (தலைகீழா) போட்டு, வர்ற லிஸ்ட்டை ஒரு இன்டெக்ஸ் பக்கமா எழுதி வச்சிடுங்க. பீட்டாவை இங்கயும் கலக்காதீங்க, 1.13 ஹைபன் ஆர்சி1னு (1.13க்கு முன்னாடி விடற சோதனை வெர்ஷன்) பேர் இருந்தா சார்ட் அதை 1.13ஐ விட புதுசுன்னு எடுத்து மேல வச்சிடும்.