திருவிருந்துக்குப் போகிறவர் அரசியல் எழுதுவது எப்படி

கடுமையாக எழுதக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் தெருவில் மூன்று மழைக்காலமாகச் சாக்கடைத் தண்ணீர் வீட்டுப் படியேறுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே சாந்தகுணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. எப்படிக் கடுமையாக எழுதுவது என்பதுதான் விஷயம். நான் அதைத் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வார்டு கவுன்சிலரைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினேன். "உமக்கு மட்டும்தான் குருடா, குடும்பத்துக்கே குருடா?" என்று அதில் ஒரு வரி. நிறையப் பேர் கைதட்டினார்கள். அவருடைய தாயாருக்குச் சர்க்கரை நோயால் பார்வை போனது எனக்குத் தெரியும். கோயிலில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவர். யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். மறுநாள் ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு அந்த அம்மா எழுந்து வரவில்லை. எழுதிய நான் போய் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இப்படித்தான் எழுதுகிறேன்.

முதலில் நோட்டில், பேனாவால். போனில் எழுதினால் விரல் தானாகப் பொத்தானுக்குப் போய்விடும். மாலையில் எழுதி, காலையில் வாசியுங்கள். சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணியட்டும் என்றுதான் அப்போஸ்தலர் பவுல் எபேசு சபையாருக்கு எழுதினார். கேள்வி தணிய வேண்டியதில்லை.

காலையில் சிவப்பு மையால் அடியுங்கள்: சாதி, நிறம், உடம்பு, ஊனம், தாய், மனைவி, விதவைக்கோலம். நம் மேடைப் பேச்சின் வசவுகள் பெரும்பாலும் இந்தக் கிடங்கிலிருந்துதான் வருகின்றன. அடித்தது போக மிஞ்சுவதுதான் உங்கள் விமர்சனம். என் சனிக்கிழமைப் பதிவை அப்படி அடித்துப் பார்த்தபோது மிஞ்சியது, "வடிகால் வேலை நடக்கவில்லை" என்ற ஒரே வரி. எனக்கு விஷயமே தெரிந்திருக்கவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்ப வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனுப் போடுங்கள். எவ்வளவு ஒதுக்கினார்கள், யாருக்கு ஒப்பந்தம், எந்தத் தேதியில் முடிய வேண்டும்: மூன்று கேள்வி போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். அது வரும்வரை "திருடன்" என்று எழுதாதீர்கள். அது பொய்ச்சாட்சியாக இருக்கலாம்.

நாங்கள் லுத்தரன் சபை, ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் வழி வந்தது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது பத்துக் கட்டளைகளில் எங்களுக்கு எட்டாம் கற்பனை, எண்ணும் முறை வேறானதால் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகளுக்கு ஒன்பதாம் கற்பனை. லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில் அதற்குச் சொன்ன விளக்கத்தை, சபையில் முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தலுக்கு முன் மனப்பாடம் செய்தோம். அயலானைத் தூற்றாதே, அவனுக்காகப் பேசு, அவன் செய்வதற்கு நல்ல அர்த்தம் கொடு என்பது அதன் சாரம். அதே லுத்தர் 1543-இல் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். நாஜிகள் அதை எடுத்துக் காட்டினார்கள். அமெரிக்க எவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபை 1994-இல்தான் அந்த எழுத்தைத் தள்ளிவிட்டு அறிக்கை வெளியிட்டது. ஞானோபதேசம் எழுதிய கைதான் இதையும் எழுதியது என்பதை நான் மறப்பதில்லை.

"இயேசுவே ஏரோதை நரி என்றாரே" என்று கேட்பீர்கள். என்றார். யோவான் ஸ்நானனின் தலையை வெட்டுவித்த ஆட்சியாளன் அவன். மதத் தலைவர்களை இயேசு கண்டிக்கிற மத்தேயு 23-ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுக்க வாசியுங்கள். "ஐயோ" என்று சொல்லும்போதெல்லாம் செய்த காரியமும் கூடவே வருகிறது: விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறது, வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விடுகிறது. அதிகாரத்தில் இருந்தவர்களைத்தான் அப்படிப் பேசினார். யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியப் பெண்ணிடம் அந்தக் குரல் இல்லை. அந்த 23-ஆம் அதிகாரமும் கடைசியில் எருசலேமுக்காக அங்கலாய்ப்பதில் முடிகிறது. உங்கள் பதிவின் கடைசி வரியில் யாருக்காக வருத்தம் இருக்கிறது என்று பாருங்கள்.

பிடிக்காத பெண் தலைவரை வேதாகமத்துக் கொடிய ராணி யேசபேல் என்றும், கட்சி மாறினவரை இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்றும் எழுதுவதை விட்டுவிடுங்கள். வசனத்தைக் கல்லாக எறிகிற வேலை அது. நாம் ஓட்டுப் போட்ட கட்சிக்காரர் அதே தப்பைச் செய்தால் அதே சொல்லை எழுதுவோமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இதில் அடிக்கடி தோற்கிறேன்.

தவறிவிட்டால் பவுலைப் பாருங்கள். விசாரணையில் தன்னை அடிக்கச் சொன்னவரை "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்றார். அவர் யூதர்களின் பிரதான ஆசாரியர் என்று தெரிந்ததும், ஜனத்தின் அதிபதியைத் தீது சொல்லக் கூடாது என்று எழுதியிருப்பதை அதே சபை முன்னால் தன் வாயாலேயே சொன்னார். நீங்களும் எழுதிய இடத்திலேயே திருத்துங்கள். சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று எழுதாதீர்கள். யார் மனம் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் அப்படித் திருத்தி எழுதிவிட்டு, அவர்கள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். "அம்மா, நான் எழுதினது பாவம்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் பக்கத்தில் இடம் காட்டினார். கவுன்சிலர் உள்ளேயிருந்து வந்தார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, வடிகால் வேலை எப்போது தொடங்கும் என்று கேட்டேன்.